பெரட்டு மணி அடித்தால் கால் எங்கே போகும்

1. சட்டையை உள்ளே விட்ட நாள்

முப்பத்தாறு வருஷம் மின்சாரப் பிரிவில் சார்ஜ்மேனாக வேலை பார்த்தவன் நான். மலேசியாவில், நீலாயில் ஒரு தொழிற்சாலையின் சுவிட்ச் ரூம்தான் என் ராஜ்யம். கதவில் 'அபாயம்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதனால் யாரும் உள்ளே வந்து என்னிடம் விளக்கம் கேட்டது கிடையாது. வேலை சரியாக இருந்தால் மெஷின் ஓடும். சரியில்லை என்றால் போன் வரும், கூடவே திட்டும் வரும். இந்த இரண்டைத் தவிர வேறு விளக்கம் உலகத்தில் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் போஸ்டர் ஒன்றை ஒட்டி வைத்துவிட்டு, சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் பெயர் அட்டை தொங்க நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி பார்த்திருந்தால், எங்கள் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி நிற்கவில்லை என்று சொல்லியிருப்பாள்.

அன்று அங்கே போஸ்டர் கண்காட்சி. கூலி வாங்காமல் ஊர் ஜனங்களுக்காகச் செய்த பொறியியல் வேலைகளை ஒவ்வொரு குழுவும் ஒரு போஸ்டரில் போட்டுக் காட்ட வேண்டும். பத்துப் பதினைந்து குழுக்கள் வந்திருந்தன. எங்களுக்கு இடப்பக்கம் கம்போங் சூராவுக்கு மழைநீர்த் தொட்டி. வலப்பக்கம் பள்ளிக்கூடத்துக்கு சோலார் விளக்கு. நடுவர்கள் ஒவ்வொரு போஸ்டராக வந்து கேள்வி கேட்பார்கள். தேர்வாகும் வேலையை மழைக்காலத்துக்குள் இன்னும் மூன்று இடங்களில் அமைத்துக் கொடுப்பதாக ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள். எங்களுடையது, தோட்டத்து வீடுகளுக்கான வெள்ள எச்சரிக்கை மணி. அது தேர்வாகும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "நம்மளுதுதான் வேலை, மத்ததெல்லாம் படம்" என்றேன்.

"அங்கிள், மெதுவா பேசுங்க. பக்கத்துல கேக்குது" என்றாள் காவியா.

"கேக்கட்டும்லா."

காவியாதான் எங்கள் குழுவின் தலைவி. சிவில் என்ஜினியர், வயது இருபத்தெட்டு. என்னைத் தேடிப் பிடித்து இந்தத் தொண்டு வேலைக்குள் இழுத்துவிட்டவள் அவள்தான். மூன்றாவது ஆள் ஞானம்மா அக்கா. அவர் என்ஜினியர் இல்லை. கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் ரப்பர் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகும், பழைய வீடுகளில் முப்பத்தொரு குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மணி வைத்தது அவர்களுக்காகத்தான். அவர்கள் சார்பாக ஞானம்மா அக்கா, கோயிலுக்குக் கட்டும் வெளிர்நீலப் புடவையில் வந்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கும் கணவர் அந்தோணி அண்ணனைப் பார்த்துக்கொள்ளும்படி அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

போஸ்டர் மூலையில் காற்றுப் புகுந்து உப்பியிருந்தது. அக்கா உள்ளங்கையால் அதை நீவிவிட்டார். பிறகு, "இதுல என்னா எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டார். எல்லாம் மலாயும் ஆங்கிலமுமாக இருந்தது.

"எல்லாம் நம்ம மணியப் பத்தித்தான்கா. நல்லா எழுதியிருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நடுவர் வருவதற்குள் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

2. ஹார்ன்

அந்த வீடுகளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. சாதாரண நாளில் கணுக்கால் அளவுதான். மேலே மலையில் பெய்தால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஏறும். முந்தின வருஷம் ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் பானையோடு நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மேடு, அதன் உச்சியில் சின்ன மாதா கோயில். அங்கே தண்ணீர் ஏறினதாக யாருக்கும் நினைவில்லை. ஆகவே வேலை சுலபம்தான்: மேலாற்றுப் பாலத்துக்கு அடியில் ஒரு மிதவை சுவிட்ச், தண்ணீர் குறிப்பிட்ட உயரம் வந்தால் ரிலே இழுத்துச் சத்தம் கொடுக்கும், சத்தம் கேட்டதும் எல்லோரும் மேட்டுக்குப் போக வேண்டும். பாலத்திலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் வந்து சேரக் கால்மணி நேரமாவது ஆகும் என்று காவியா கணக்குப் போட்டாள். சோலார் பேனல், பேட்டரி, எல்லாம் பன்னிரண்டு வோல்ட். போன் லைன் வேண்டாம், வைஃபை வேண்டாம். நடுக்காட்டில் லைன் போய்விட்டால் என்ன செய்வது என்று நான்தான் அதில் பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் ஒரு எலக்ட்ரிக் ஹார்ன் போட்டேன். காது கிழிகிற சத்தம். சோதனைக்கு அடித்தோம். ஒருவரும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டிக் கேட்டால், "யாரோ காடி அலார்ம்னு நெனச்சோம்லா" என்கிறார்கள். இன்னொரு வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஹார்னைப் பிடுங்கி ஆற்றிலேயே போட்டிருப்பேன்.

3. தண்டவாளத் துண்டு

அன்று திரும்பும் வழியில்தான் அதைப் பார்த்தேன். ஆற்றோரத்தில் லாரி ரோட்டை ஒட்டி ஒரு பழைய கொட்டகை. அதன் உத்தரத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பெரட்டு மணி.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் வேலையாட்கள் எல்லோரும் ஒரு களத்தில் கூடி வரிசையாக நிற்க வேண்டும். மண்டோர், அதாவது கங்காணி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்து அனுப்புவார். அதுதான் பெரட்டு. அதற்கு அடிக்கும் மணி பெரட்டு மணி. நானும் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன்தான். ஒரு கல்லை எடுத்து அந்தத் துண்டைத் தட்டினேன். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் போனது. எங்கள் ஜனம் எந்த ஹார்னை மறந்தாலும் இதை மறக்காது என்று உடனே முடிவு செய்துவிட்டேன்.

லுக்குட்டில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் பழைய காரின் வைப்பர் மோட்டார் ஒன்று கிடைத்தது. வைப்பர் போகிற இடத்தில் ஒரு இரும்புச் சுத்தியலை வெல்டிங் வைத்தேன். மிதவை ஏறினால் ரிலே இழுக்கும், மோட்டார் ஆடும், சுத்தியல் தண்டவாளத்தில் விழும். மணி இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் பொருத்தினேன். சங்கிலிகூட மாற்றவில்லை. என் வேலைகளிலேயே நான் அதிகம் பெருமைப்பட்டது இதற்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை.

4. ஒத்திகை

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஒத்திகை வைத்தோம். முன்தினமே மாதா கோயிலில் கூட்டம் போட்டு, மணி அடித்தால் மேட்டுக்கு வர வேண்டும் என்று காவியா சொன்னாள். அம்புக்குறி போட்ட தாளும் வீட்டுக்கு வீடு கொடுத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானம்மா அக்காவுக்குத்தான் அன்று கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, கூட்டத்துக்கு வரவில்லை.

நான் ஒரு வரிசை வீடுகளின் கோடியில், காவியா இன்னொரு கோடியில், கையில் ஸ்டாப்வாட்ச். மிதவையைத் தூக்கிவிட ஒரு ஆளைப் பாலத்தில் நிறுத்தியிருந்தோம். மணி அடித்தது. நான் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்க்கவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் விறுவிறுவென்று வந்தார்கள். ஆறு நிமிஷத்துக்குள் முப்பத்தொரு வீடும் காலி. நான் காவியாவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

வீடுகளை ஒரு முறை பார்த்துவிட்டு நாங்கள் திரும்பியபோது, எல்லோரும் கொட்டகைக்கு முன்னால், பழைய பெரட்டுக் களத்தில் நின்றிருந்தார்கள். காவியாவின் கார் அங்கேதான் நின்றது. அதன் பின்பெட்டியில்தான் எல்லோருக்கும் தின்ன வாங்கிய கரிப்பாப்பும் தே ஓ தேத்தண்ணியும் இருந்தன. மேட்டுக்குப் போய்விட்டுச் சாப்பிட இறங்கி வந்துவிட்டார்கள் என்று சிரித்தோம். ஆனாலும் அவர்கள் அவ்வளவு அழகாக நின்றிருந்ததால், அப்படியே இருங்கள் என்று சொல்லிக் காவியா ஒரு போட்டோ எடுத்தாள். போஸ்டரில் நடுநாயகமாகப் பெரிதாகப் போட்டது அந்தப் படத்தைத்தான். அதற்குக் கீழே, 'ஆறு நிமிடத்தில் முழு வெளியேற்றம்.'

5. நடுவரின் விரல்

எங்கள் போஸ்டருக்கு வந்த நடுவர் ஒரு மலாய்க்கார அம்மா. வடிகால் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலே எழாது, ஆனால் போஸ்டரின் ஒவ்வொரு வரியையும் படித்தார். மற்ற நடுவர்கள் தலைப்பைப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மோட்டாரைப் பற்றி மலாயில் கேட்டார், சொன்னேன். பேட்டரி எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார், சொன்னேன். பிறகு படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கே எடுத்தது?"

"பெரட்டுக் களத்தில், புவான். அங்கேதான் மணி இருக்கிறது."

விரல் அப்படியே நகர்ந்து பக்கத்திலிருந்த வரைபடத்துக்குப் போனது. ஆறு, லாரி ரோடு, களம், வீடுகள், மேடு. வீடுகளிலிருந்து மேட்டுக்குக் காவியா போட்டிருந்த நீல அம்பு. "உங்கள் அம்பு இப்படிப் போகிறது. உங்கள் ஆட்கள் இப்படிப் போயிருக்கிறார்களே" என்றார்.

"அது ஒத்திகை முடிந்த பிறகு, புவான். தேத்தண்ணிக்கு வந்தார்கள்."

அவர் ஞானம்மா அக்கா பக்கம் திரும்பி, பெரியம்மா முறை வைத்து மலாயில் கேட்டார். "மக்சிக், தேத்தண்ணி குடிக்கவா அங்கே போனீர்கள்?"

அக்காவுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும். "இல்லையே. மணி அடித்தது, போனோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்னா தம்பி கேக்குறாங்க? என்னா அம்பு?" என்றார் தமிழில்.

நான் அம்பைக் காட்டினேன். மணி அடித்தால் மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது என்றேன்.

"மாதா கோயிலுக்கா? பெரட்டு மணிய அடிச்சிட்டு மாதா கோயிலுக்கு வான்னா எப்படி தம்பி?"

"கூட்டத்துல சொன்னோம்கா. தாள்கூட குடுத்தோம்."

"குடுத்தீங்க. எதிர்த்த வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. அப்ப சரின்னுதான் சொன்னேன். ஆனா மணி அடிச்சா தாளு ஞாபகமா வரும்? யோசிக்கிறதுக்கு முந்தி காலு போயிருது. ஒரு நிமிசம் லேட்டானா மண்டோர் பேர வெட்டிருவான், அன்னிக்கிப் பூரா வேல இல்ல. இருபத்தெட்டு வருசம்லா."

அவர் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இதோ நான். ரெண்டாவது வரிச. நான் எப்பவும் ரெண்டாவது வரிசதான்."

அப்போதுதான் நான் படத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் நூறு தடவை பார்த்திருப்பேன். அன்றுதான் கண்ணில் பட்டது. கரிப்பாப்புக்கு வந்த கூட்டம் இல்லை அது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், மூன்று மூன்று வரிசை. கைகளைத் தொங்கவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டு, யாரோ பெயர் கூப்பிடுவார் என்று நிற்கிறார்கள். ஆண்கள் வரிசையின் கடைசியில் அந்தோணி அண்ணனின் சக்கர நாற்காலி.

"அண்ணன் ஏன்கா அங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"ஆம்பளைங்க வரிசையில விட்டுட்டு நான் எங்க வரிசைக்கு வந்தேன்" என்றார் அக்கா. சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. ஆறு ஏறினால் முதலில் முழுகுவது அந்தக் களம்தான். அது அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தே கணவரை அங்கே தள்ளிக்கொண்டு போய் விட்டிருக்கிறார்.

"தம்பி, மணி இப்ப ஓடுதா?"

ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக ஆன் செய்து வைத்திருந்தேன். மண்டபத்துக் கண்ணாடிக்கு வெளியே தெற்கே, சிரம்பானுக்கு அந்தப் பக்கம், வானம் கறுத்திருந்தது.

6. ஒரு வெள்ளைத் தாள்

அக்கா அடுத்த வீட்டுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு வீட்டுக்குப் போட்டார். அதுவும் இல்லை. மழை வந்தால் அங்கே போன் இப்படித்தான்.

"அங்கிள், இங்கேருந்து மணிய ஆஃப் பண்ண முடியுமா?" என்றாள் காவியா.

போஸ்டரில் வலது மூலையில், கொட்டை எழுத்தில், நான் சொல்லி எழுதவைத்த வரி இருந்தது: 'போன் இணைப்போ இணையமோ தேவையில்லை.' நான் அந்த வரியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வேறு பதில் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. "மழை அங்க வந்துச்சான்னே தெரியல. ரிசல்ட் கேட்டுட்டுப் போயிரலாமே" என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

ஞானம்மா அக்கா கோபப்படவில்லை. "என் வீட்டுக்காரரு அங்க இருக்காரு தம்பி" என்றார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

காவியா பக்கத்துக் குழுவிடம் ஒரு வெள்ளைத் தாளும் மார்க்கரும் வாங்கினாள். அதில் மலாயில் எழுதினாள்: இந்த மணி ஆட்களைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது, சரிசெய்யப் போயிருக்கிறோம். அதைப் படத்தின்மேல் வைத்தாள். டேப்பின் நுனி அகப்படாமல் நகத்தால் சுரண்டினாள். நடுவர் அம்மா டேப்பை வாங்கிக் கிழித்துக் கொடுத்தார்.

"என் போன் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

7. ஃபியூஸ்

காவியா காரை ஓட்டினாள். அக்கா முன்னால், நான் பின்னால். சிரம்பான் தாண்டியதும் தூறல், ரந்தாவ் வரும்போது வைப்பர் வேகமாக ஓட வேண்டியிருந்தது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஜெபம் சொல்கிறார் என்று உதடு அசைவதில் தெரிந்தது.

எனக்கு என்னமோ அம்மா ஞாபகம். அம்மாவும் பெரட்டுக்குப் போனவள்தான். அந்த மணி அடிக்கும்போது நான் போர்வைக்குள் இருப்பேன். அம்மா எழுந்து ஓடுவாள். எனக்கு அது அம்மா போய்விட்டாள் என்கிற சத்தம். எந்தப் பக்கம் ஓடினாள், எந்த வரிசையில் நின்றாள் என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. மணியை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வேலையும் செய்திருக்கிறேன். அந்த மணிக்கு ஒரு நாளும் வரிசையில் நிற்காதவன் நான். காருக்குள் உட்கார்ந்து அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் காவியா நேராகக் கொட்டகைக்கு ஓட்டினாள். நல்ல மழை. மணி அடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா அதற்குள் வீட்டுப் பக்கம் ஓடிவிட்டார். நான் பாலத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். மிதவைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இருந்தது, அவ்வளவே.

அந்தோணி அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவர் நனையவே இல்லை, அக்காதான் நனைந்திருந்தார்.

அன்று மழை அதற்குமேல் வலுக்கவில்லை. இரண்டு பேர் பாலத்தில் மாற்றி மாற்றி நின்று பார்த்துக்கொண்டார்கள். காவியா வாசல்படியில் உட்கார்ந்து, மறுபடி கூட்டம் போடலாமா, மாதாமாதம் ஒத்திகை வைக்கலாமா, போர்டு எழுதி மாட்டலாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஜனங்களை எப்படிப் பழக்குவது என்பதுதான் எங்கள் இருவர் மண்டையிலும் ஓடியது.

ஞானம்மா அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். "அது எதுக்குமா அவ்வளவு? மணி கீழ தொங்குது, நாங்க கீழ போறோம். மேல கொண்டுபோயித் தொங்கவிடுங்க" என்றார்.

எனக்கு உடனே மறுப்புத்தான் வந்தது. கொட்டகையிலிருந்து மேட்டுக்கு இருநூறு மீட்டர் வயர், வோல்டேஜ் டிராப், மோட்டார் இழுக்காது என்று ஆரம்பித்தேன். பாதியில் நானே நிறுத்திக்கொண்டேன். பேட்டரியையும் மோட்டாரையும் மேட்டில் வைத்துவிட்டால், பாலத்திலிருந்து மெல்லிய சிக்னல் வயர் மட்டும் போதும். பயிற்சிக்கு வந்த பையன்கூடச் சொல்லிவிடுவான். முப்பத்தாறு வருஷ அனுபவம் எனக்கு வாதாடத்தான் முதலில் உதவியது.

8. மேட்டில்

போட்டியில் மழைநீர்த் தொட்டி தேர்வாகியிருந்தது. நல்ல வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அதன் பைப் ஜாயின்ட்டில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் நான்கு பேர் தண்டவாளத் துண்டைத் தோளில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாதா கோயில் பக்கத்தில் இரும்புக் கம்பம் நட்டு மாட்டினோம். சரளைக்கல் பாதையில் சக்கர நாற்காலி ஏறாது என்பதால், ஓரமாக ஒரு சிமெண்ட் தடம் போட்டோம். கோத்தோங் ரோயோங், எல்லோரும் கூடிச் செய்யும் வேலை, என்று சொன்னதும் முப்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது.

மறுபடி ஒத்திகை. இந்த முறை யாருக்கும் நாள் சொல்லவில்லை, தாள் கொடுக்கவில்லை. நடுவர் அம்மாவும் வந்து எங்களோடு நின்றார். மணி அடித்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். வந்த வேகத்தில் சிலருடைய கால் கீழ்ப்பக்கம் ஓரடி வைத்தது. பிறகு தலை திரும்பியது, சத்தம் வருகிற பக்கம். அப்படியே மேட்டைப் பார்த்து நடந்தார்கள். சிமெண்ட் தடத்தில் அந்தோணி அண்ணனை அக்கா தள்ள, பின்னால் வந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

மேலே வந்ததும் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வரிசையாக நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். நான் மணியை நிறுத்திவிட்டு, "முடிஞ்சிருச்சு, எல்லாரும் போலாம்" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"பேரு கூப்பிடல தம்பி" என்றார் ஞானம்மா அக்கா. "பேரு கூப்பிடாம எப்படிப் போறது?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுவர் அம்மாவுக்குக் காவியா மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அங்கேயே நின்று வீடு வீடாக ஒவ்வொருவர் பெயரையும் காவியா எழுதினாள். அந்த நோட்டை மாதா கோயில் கதவுக்கு உள்ளே ஆணியில் மாட்டினோம். கூப்பிடும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள்.

9. போனில் கேட்டது

வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம், நான் நீலாயில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மழை ஊற்றியது. ஞானம்மா அக்கா போன் செய்தார், மேட்டில் ஏறினால் மழையிலும் கொஞ்சம் லைன் கிடைக்கும். இரைச்சலில் பாதி வார்த்தை விழவில்லை.

"தம்பி, மணி அடிச்சிருச்சு. தண்ணி வந்துருச்சு. எல்லாரும் மேல இருக்கோம். லைன வச்சிராத, நான் பேரு கூப்புடப் போறேன்."

எச்சில் கையோடு நின்று கேட்டேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல், ஒரு பெயர், பதிலுக்கு, "இருக்கேன்." அடுத்த பெயர், "இருக்கேன்." பிள்ளைகளுக்குத் தாய்மார் பதில் சொன்னார்கள். அந்தோணி அண்ணன் பெயருக்கு, வாய் சரியாக வராத அவர் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார். "இருக்காரு" என்று அக்காவே சொல்லிக்கொண்டார்.

"கோவிந்தன்."

பதில் இல்லை.

"கோவிந்தன்!"

மூன்றாவது முறை அக்கா கத்தியே கூப்பிட்டார். கோவிந்தன் தனியாக இருப்பவர், கடைசி வீடு, காது மந்தம். எந்த மணி அடித்தாலும் அவருக்குக் கேட்காது, ஒத்திகைகளில் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். கேட்காதவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆண்கள் வரிசையில் யாரோ கத்தினார்கள், ஓடும் சத்தம் கேட்டது, பிறகு மழை மட்டும்தான். என் கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. மனைவி என்னவென்று கேட்டாள். எச்சில் கையை நீட்டி, பொறு என்று காட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"கொண்டாந்துட்டாங்க தம்பி" என்றார் அக்கா. "கட்டில்ல படுத்திருந்தாராம். தண்ணி கட்டிலுக்கு வந்துருச்சாம். தூக்கிட்டு வந்துட்டாங்க." பிறகு போனை விலக்கிக்கொண்டு, நோட்டில் இருக்கிறபடியே, மறுபடி கூப்பிட்டார். "கோவிந்தன்."

"இருக்கேன்லா" என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. முன்னால் நின்று யாரோ கையைக் காட்டிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொண்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். போஸ்டரை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், யாருக்காக அந்த வேலையோ அவர்களிடம் வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். அவர்களுடைய பழக்கத்தை மாற்றப் புறப்படுவதற்கு முன்னால், அது எதற்கு உதவும் என்று பாருங்கள். நான் செய்த மணி முப்பது வீட்டை வெளியே கொண்டுவந்தது. முப்பத்தொன்றாவது வீட்டைக் கொண்டுவந்தது, பெயர் கூப்பிடாமல் கலைய மாட்டோம் என்று நின்ற அந்த வரிசை. அதை நான் செய்யவில்லை. அன்று மேட்டில் நின்று சிரிக்க மட்டும் செய்தேன்.